நாலாயிரத்துக்கு மேல் என்ன இருக்கிறது?

என் வண்டி 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல். அதன் என்ஜினைப் பற்றி மூன்று எண்கள் என்னிடம் இருக்கின்றன. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கையேட்டில் 75 பி.எஸ். சக்தி 4,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) கிடைக்கும் என்று போட்டிருக்கிறது. மீட்டரில் சிவப்புக் கோடு ஐயாயிரத்தை ஒட்டித்தான் ஆரம்பிக்கிறது. நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால், முள் அந்தச் சிவப்பையும் கொஞ்சம் தொட்டுவிட்டு, இதற்கு மேல் மாட்டேன் என்று நின்றுகொள்கிறது. முழு சக்தியும் நாலாயிரத்திலேயே கிடைத்துவிடுகிறது என்றால் மேலே கிடக்கும் அந்த ஆயிரம் எதற்கு? அந்த எல்லை ஏன் ஏழாயிரத்தில் இல்லை? அதே மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட் ஆறாயிரத்தில்தான் தன் முழு சக்தியையே தருகிறது.

வீட்டு வாசலில் வண்டிக்கு ஆயில் மாற்ற ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. வாரன்டி முடிந்ததிலிருந்து சாதாரண சர்வீஸை நானே செய்கிறேன். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், பிரேக் பேட் பார்ப்பது, அவ்வளவுதான். கிளட்ச், டர்போ, இன்ஜெக்டர் பக்கமெல்லாம் போவதில்லை. காசு மிச்சமாகிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒருமுறை ஒரு பணிமனையில் சர்வீஸ் முடிந்து வந்த வண்டியில், ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை உயரத்துக்கு நின்றது. போன் செய்து கேட்டால், "கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே சார்" என்றார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். கோவையில் டீசல் பம்ப், நாசில் பழுது பார்க்கும் கடையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். அவரிடம் இதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "கண்ணு, அந்த வண்டிய எடுக்காதே. டீசலுக்கு ஆயில் குறைஞ்சாலும் ஆபத்து, கூடுனாலும் ஆபத்து. ஆயிலக் குடிச்சுட்டு ஓட ஆரம்பிச்சுதுன்னா சாவியப் புடுங்கி வீசுனாலும் நிக்காது" என்றார்.

அவர் சொன்னது மிகை இல்லை. பெட்ரோல் என்ஜினில் ஆக்ஸிலேட்டர் என்பது காற்றின் கதவு. காலை எடுத்தால் கதவு மூடிக்கொள்ளும், என்ஜினுக்கு மூச்சு குறைந்துவிடும். டீசலில் அப்படி இல்லை. காற்று எப்போதும் தாராளமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எவ்வளவு டீசல் பீய்ச்சுகிறோம் என்பது ஒன்றுதான் வேகத்தை முடிவு செய்கிறது. உள்ளே காற்று இருக்கிறது, பற்றவைக்கும் அளவுக்குச் சூடும் இருக்கிறது. எரிவதற்கு ஏதாவது வந்து சேர்ந்தால் போதும், அது டீசலாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ஜின் கேட்பதில்லை. ஆயில் அளவு மிஞ்சிப் போனால், பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கிவிடும். அந்த ஆயில் ஆவி, என்ஜினின் உள் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாகக் காற்றோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். டர்போவின் சீல் தேய்ந்து ஆயில் கசிந்தாலும் இதே கதிதான். என்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு வேகமெடுக்கும். வேகம் கூடக்கூட இன்னும் அதிக ஆயில் உள்ளே வரும். சாவியைத் திருப்பினால் டீசல்தான் நிற்கும், ஆயில் நிற்காது. இதற்கு ரன்அவே என்று பெயர். ஆயில் தீரும்வரை அல்லது ஏதாவது உடையும்வரை ஓடும். கியர் வண்டியாக இருந்தால் இருப்பதிலேயே மேல் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு அணைத்துவிட வேண்டும். வெளியே நிற்பவர் என்றால் விலகிப் போய்விடுவது நல்லது.

அன்றே டிப் ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய டியூபை விட்டு, பெரிய சிரிஞ்சால் மிகுதி ஆயிலை உறிஞ்சி எடுத்தேன். அதிலிருந்து ஆயில் ஊற்றும் வேலையை இன்னொருவர் கையில் விட்டதில்லை.

ஆனால் பெரியவர் சொன்னதில் இருந்த இன்னொரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. தானாக விட்டால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாத என்ஜின் டீசல். அப்படியானால் ஐயாயிரத்தில் அதைப் பிடித்து நிறுத்துவது யார்? நிறுத்துவதற்கு ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். டீசலுக்கு எப்போதும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கவர்னர் தேவைப்பட்டிருக்கிறது. எங்கள் பக்கத்துக் கிணற்று மேடுகளில் ஒரு காலத்தில் ஓடிய ஆயில் என்ஜின்களைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். லிஸ்டர் 6/1 என்ற பழைய வகை நிமிடத்துக்கு 650 சுற்றுதான் சுற்றும். பெல்ட் அறுந்து லோடு போய்விட்டால் வேகம் கொஞ்சம் ஏறும். உடனே உள்ளே சுழலும் எடைகள் விரிந்து, டீசலைக் குறைத்து, பழைய வேகத்துக்குப் பக்கத்தில் கொண்டு வந்துவிடும். 1927-இல் பாஷ் கம்பெனி டீசல் பம்புகளை வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்த பிறகு இந்த எடைகளும் பம்போடு சேர்ந்து லாரிக்கும் காருக்கும் வந்தன. நம் ஊர் லாரிக்காரர்கள் மைக்கோ பம்ப் என்று சொல்வது அந்தப் பரம்பரைதான். அதில் உச்ச வேகத்துக்கு ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதன் மேல் கம்பி போட்டு ஈய சீல் வைத்திருப்பார்கள். சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருப்பித் தரச் சொல்லி எத்தனையோ டிரைவர்கள் தன்னிடம் வந்ததாகப் பெரியவர் சொல்வார். இவர் திருப்பித் தந்ததில்லை. "பிக்கப் வரும்னு நெனைப்பாங்க. புகைதான் வரும்" என்பார். அந்த ஒரு வரியில் என் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இருந்தது. எனக்கு அப்போது அது பிடிபடவில்லை.

என் வண்டியில் எடையும் இல்லை, ஸ்க்ரூவும் இல்லை. கிராங்க்கோடு சுற்றும் ஒரு பல் சக்கரத்தின் பற்களை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கிறது. இ.சி.யு. என்ற என்ஜின் கணினி அந்த எண்ணிக்கையைப் பார்த்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை மில்லிகிராம் டீசல் என்று முடிவு செய்கிறது. எல்லை நெருங்கும்போது அந்த அளவைக் குறைத்துக்கொண்டே வருகிறது. பெட்ரோல் வண்டிகளில் எல்லையைத் தொட்டால் வெட்டி வெட்டி அடிக்கும். டீசலில் சத்தம் அப்படியே தட்டையாகி நின்றுவிடும். அந்தக் கணினியின் எண்களைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியைச் செருகி போனில் பார்த்தால் எண் ஐயாயிரத்துக்குச் சற்று மேலே போய் அங்கேயே உட்கார்ந்துகொள்வது தெரியும்.

சரி, ஏன் அந்த இடம்? நானும் எல்லோரையும் போல முதலில் இரும்பைத்தான் சந்தேகித்தேன். டீசல் என்ஜின் கனமானது, பிஸ்டன் கனமானது, அழுத்தம் அதிகம், ஆகவே வேகமாகச் சுற்றினால் உடைந்துவிடும் என்ற விளக்கம் எங்கே போனாலும் கிடைக்கும். அதில் உண்மை உண்டு. என் என்ஜினின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது, 17.6. அந்த அழுத்தத்தைத் தாங்க பிஸ்டன், பின், கனெக்டிங் ராடு எல்லாமே பெட்ரோலைவிடத் தடிமனாக இருந்தாக வேண்டும். வேகம் இரு மடங்கானால் அந்த எடையை நிறுத்தித் திருப்பும் விசை நான்கு மடங்காகும். இதில் மறுக்க ஒன்றும் இல்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த விளக்கம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. என்ஜின்காரர்கள் பிஸ்டனின் சராசரி வேகத்தை ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரமான ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, ஒரு விநாடிக்கு எத்தனை சுற்றோ அதனால் பெருக்கினால் அது வந்துவிடும். என் 1,248 சி.சி. டீசலின் போர் (சிலிண்டரின் விட்டம்) 69.6 மி.மீ., ஸ்ட்ரோக் 82 மி.மீ. நாலாயிரத்தில் பிஸ்டன் விநாடிக்கு 10.9 மீட்டர் போகிறது. ஐயாயிரத்தில் 13.7 மீட்டர். 1.2 பெட்ரோல் ஸ்விஃப்டின் ஸ்ட்ரோக் 71.5 மி.மீ., அது ஆறாயிரத்தில் 14.3 மீட்டர். அதாவது டீசலின் உச்ச எல்லையில் பிஸ்டன் போகும் வேகமும் பெட்ரோல் தன் முழு சக்தியைத் தரும்போது போகும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரும்பு மட்டுமே தடை என்றால் டீசலும் ஐயாயிரத்துக்குப் பக்கத்தில்தான் தன் உச்ச சக்தியைத் தந்திருக்க வேண்டும். அது நாலாயிரத்திலேயே தளர்ந்துவிடுகிறது. உடைவதற்கு வெகு முன்பே ஏதோ ஒன்று அதைத் தளர்த்துகிறது.

அந்த ஒன்று நெருப்புக்குக் கிடைக்கும் நேரம்.

பெட்ரோல் என்ஜினில் பெட்ரோலும் காற்றும் முன்பே கலந்து தயாராக இருக்கும், தீப்பொறி விழுந்ததும் சுவாலை பரவும். வேகம் கூடினால் உள்ளே காற்றின் சுழற்சியும் கூடும், சுவாலையும் அதற்கேற்ப வேகமாகப் பரவும். டீசலில் எல்லா வேலையும் கடைசி நொடியில் நடக்கிறது. அழுத்திச் சூடேற்றிய காற்றுக்குள் டீசல் பீய்ச்சப்படுகிறது. துளி உடைய வேண்டும், ஆவியாக வேண்டும், காற்றைத் தேடிக் கலக்க வேண்டும், பற்ற வேண்டும், முழுதாக எரிய வேண்டும். இத்தனையும் பிஸ்டன் மேலே வந்து கீழே திரும்பும் அந்தச் சின்ன இடைவெளியில் முடிந்தாக வேண்டும்.

அந்த இடைவெளி எவ்வளவு சின்னது என்று பார்க்கலாம். ஒரு மில்லி விநாடியை அளவாக எடுத்துக்கொள்வோம். ஐடிலிங்கில், 800 ஆர்.பி.எம்.மில், ஒரு மில்லி விநாடியில் கிராங்க் 4.8 டிகிரி திரும்புகிறது. இரண்டாயிரத்தில் 12 டிகிரி, நாலாயிரத்தில் 24 டிகிரி, ஐயாயிரத்தில் 30 டிகிரி. வேதியியலுக்கு ஆர்.பி.எம். தெரியாது. துளி ஆவியாக எடுத்துக்கொள்ளும் நேரம் பெரிதாகக் குறைவதில்லை, பிஸ்டன் மட்டும் வேகமாக ஓடிவிடுகிறது. டீசலைச் சீக்கிரமே பீய்ச்ச ஆரம்பித்தால் அழுத்தம் எகிறி என்ஜின் தட்டும். தாமதமாகப் பீய்ச்சினால் பிஸ்டன் கீழே இறங்கிப் போன பிறகுதான் எரியும். ஊஞ்சல் போன பிறகு கையை நீட்டித் தள்ளுவது போல, அந்த நெருப்பு பிஸ்டனைத் தள்ளாது. வெப்பமாகவும் புகையாகவும் சைலன்சர் வழியே வெளியே போய்விடும். பெரியவர் சொன்ன புகை இதுதான்.

எதிர்முனையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வார்ட்சிலா ஆர்.டி.-ஃப்ளெக்ஸ் 96சி என்ற கப்பல் என்ஜினின் ஸ்ட்ரோக் இரண்டரை மீட்டர். நிமிடத்துக்கு 102 சுற்றுதான். பிஸ்டன் வேகம் 8.5 மீட்டர், என் காரைவிட ரொம்பக் கம்மி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே ஒரு மில்லி விநாடியில் கிராங்க் 0.6 டிகிரிதான் திரும்புகிறது. நெருப்புக்கு வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. கெட்டியான கப்பல் எண்ணெயைக்கூட அது நிதானமாக எரித்துவிடுவதற்கு இது முக்கியமான காரணம்.

இரும்பல்ல, நெருப்புதான் என்று என்னை முழுதாக நம்பவைத்தது பந்தயக் கார்கள். 2009-இல் ஃபார்முலா ஒன் கார்கள் 18,000 ஆர்.பி.எம். சுற்றின, அதுவும் விதிமுறை போட்டுக் குறைத்த பிறகு. அதே காலத்தில் ஆடி கம்பெனி ஆர்10 டி.டி.ஐ. என்ற டீசல் காரை ல மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு அனுப்பியது. 2006-இல் அங்கே வென்ற முதல் டீசல் கார் அது. 12 சிலிண்டர், ஐந்தரை லிட்டர், 650 குதிரைச் சக்திக்கு மேல். காசுக்குப் பஞ்சமில்லை, உலோகத்துக்குப் பஞ்சமில்லை, பொறியாளர்களுக்கும் பஞ்சமில்லை. அந்த என்ஜின் வேலை செய்த எல்லை 3,000 முதல் 5,000 வரை. என் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்விஃப்ட் நிற்கும் அதே ஐயாயிரம்! அதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

கார் டீசல்களின் வரலாற்றிலும் இதே விஷயம் ஒரு சுவாரசியமான வளைவாகத் தெரிகிறது. 1936-இல் வந்த மெர்சிடிஸ் 260 டி, இரண்டரை லிட்டர் என்ஜினில் 45 குதிரைச் சக்தியை 3,000-இல் தந்தது. 1976-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் டீசல், ஒன்றரை லிட்டரில் 50 பி.எஸ்., அதுவும் 5,000-இல். அப்புறம் 2003-இல் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் வந்தது, நாம் ஸ்விஃப்டிலும் இண்டிகா விஸ்டாவிலும் பார்க்கும் அதே என்ஜின். நம் ஊர் ஸ்விஃப்டில் அது 75 பி.எஸ். தருகிறது, 4,000-இல். ஐயாயிரம் வரை ஏறிய எண் மறுபடி இறங்கிவிட்டது. பழைய கோல்ஃபில் டீசலைத் தனியாக ஒரு சுழல் அறையில் பீய்ச்சினார்கள். என்ஜின் வேகமாகச் சுற்றினால் அந்த அறையில் காற்றும் வேகமாகச் சுழன்று கலவையைச் சீக்கிரம் முடித்துக் கொடுத்தது. ஆனால் சூடு அறைச் சுவரில் வீணாகிப் போகும், அதனால் டீசல் அதிகம் குடிக்கும். மல்டிஜெட் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே, 1,600 பார் வரை அழுத்தத்தில் பீய்ச்சுகிறது. முதலில் கொஞ்சம் தூவிப் பற்றவைத்துவிட்டு, அப்புறம் பிரதானமாக ஊற்றுகிறது. வேகத்தை விட்டுக்கொடுத்து, இழுவையையும் மைலேஜையும் வாங்கிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் அது நல்ல பேரம்.

இப்போது என் மூன்று எண்களுக்கு வருகிறேன். அவற்றோடு கையேட்டில் இருக்கும் இன்னொரு எண்ணையும் சேர்க்க வேண்டும்: 2,000-இல் 190 நியூட்டன் மீட்டர் இழுவை (டார்க்). 4,000-இல் 75 பி.எஸ். என்பதை இழுவையாக மாற்றிப் பார்த்தால் 132 நியூட்டன் மீட்டர்தான் வருகிறது. இழுவை ஏற்கெனவே முப்பது சதவீதம் போய்விட்டது, சுற்று கூடுவதால்தான் சக்தி ஏறிக்கொண்டிருக்கிறது. நாலாயிரத்தில் அந்த இரண்டும் சமமாகி, அதற்கு மேல் இழுவை விழும் வேகம் ஜெயித்துவிடுகிறது. சின்ன டர்போ, அடிமட்ட இழுவைக்காகவே தேர்ந்தெடுத்தது, அங்கே மூச்சுத் திணறுகிறது. புகை வராமலிருக்க இ.சி.யு.வும் டீசலைக் குறைக்கிறது. ஆக நாலாயிரம் நெருப்பின் எல்லை. ஐயாயிரம் கவர்னரின் எல்லை. இடையில் இருக்கும் ஆயிரம், ஓவர்டேக் செய்யும்போது கியர் மாற்றாமல் இன்னும் இரண்டு விநாடி இழுத்துக்கொள்ளக் கிடைக்கும் இடம். அடுத்த கியர் விழும்போது முள் இழுவை நிறைந்த பகுதியிலேயே வந்து இறங்கவும் அது உதவுகிறது. சக்தி தேடி அங்கே போனால் ஒன்றும் கிடைக்காது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு சர்வீஸை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. ஏர் ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 800-இல் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 500 லிட்டர் காற்று இழுக்கிறது. 4,000-இல் 2,500 லிட்டர், டர்போ அழுத்தத்தையும் சேர்த்தால் வெளிக்காற்றுக் கணக்கில் அதன் இரு மடங்கை நெருங்கும். அடைத்துப்போன ஃபில்டர் ஐடிலிங்கில் எந்தக் குறையும் காட்டாது. ஊருக்குள் 1,500-இல் ஓட்டினாலும் காட்டாது. பைபாஸில் ஏறி மிதிக்கும்போதுதான் முள் மூவாயிரத்துக்கு மேல் சோம்பும், கண்ணாடியில் கறுப்புப் புகை தெரியும். ஏற்கெனவே நேரம் போதாத நெருப்புக்குக் காற்றும் போதவில்லை. ஒரு கிளிப்பைக் கழற்றி ஐந்து நிமிடத்தில் மாற்றக்கூடிய பொருள் இது. செம்மண் ரோட்டில் ஓட்டுபவர்கள் கையேட்டில் போட்ட கிலோமீட்டர் வரை காத்திருக்க வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மடிப்புக்குள் மண் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடித்துச் சுத்தம் செய்வது எனக்குப் பிடிக்காது, காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தால் அந்த மண் நேரே டர்போவின் இறக்கையில் போய் அடிக்கும்.

டீசல் ஃபில்டரும் அப்படித்தான். அடைப்பு மேல் வேகத்தில், லோடில்தான் முகம் காட்டும். மேடேறும்போது பம்புக்குப் போதுமான டீசல் வராமல், இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் ரெயில் குழாயின் அழுத்தம் விழும், என்ஜின் விளக்கு எரியும், வண்டி தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொண்டு நகர மறுக்கும். டர்போ போய்விட்டது என்று சொல்லிப் பெரிய தொகை கேட்ட இடங்களைப் பற்றி நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். முதலில் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். அதன் அடியில் சேரும் தண்ணீரை இடையிடையே வடித்துவிடுங்கள். மாற்றிய பிறகு காற்று பிடித்துக்கொள்ளாதபடி பிரைம் செய்யுங்கள், அதாவது டீசலை ஏற்றி நிரப்புங்கள்; அதைச் செய்யாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களை வீட்டில் கழற்றக் கூடாது, என்ஜின் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. 1,600 பார் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலத்தான் இருக்கும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

ஆயில் மாற்றும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, ஸ்டாண்ட் வைத்துத்தான் அடியில் போக வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வேண்டாம். ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், ஃபில்டர் மூடிக்குப் புது ஓ ரிங். இந்த என்ஜின் மூன்று லிட்டருக்குச் சற்று மேல் வாங்கும். நான் மூன்று லிட்டர் ஊற்றி நிறுத்திவிடுவேன். ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு அணைந்து, ஓரிரண்டு நிமிடம் ஐடிலிங்கில் ஓடட்டும். இந்த நேரத்தில் ரேஸ் பண்ணவே கூடாது. புது ஃபில்டர் காலியாக இருக்கும், டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரச் சில விநாடி ஆகும். முழு வேகத்தில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றைத் தொடக்கூடிய தண்டு அது, மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. அப்புறம் அணைத்து, பத்து நிமிடம் பொறுத்து, டிப் ஸ்டிக் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழேயே நிறுத்துகிறேன். மல்டிஜெட்டில் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அந்தச் செயினை இறுக்கிப் பிடிப்பதும் இதே ஆயில் அழுத்தம்தான். ஆயிலைத் தள்ளிப்போட்டு ஓட்டிய வண்டிகளில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் சங்கிலி உரசும் சத்தம் கேட்கும்.

அந்தச் சத்தம் கேட்கும் வண்டியைப் புகைச் சான்றிதழ் எடுக்கக் கொண்டுபோகக் கூடாது. டீசலுக்கு நடக்கும் சோதனையே கவர்னர் எல்லையை வைத்துத்தான். சைலன்சரில் குழாயைச் சொருகிவிட்டு, "அண்ணா, நியூட்ரல்ல போட்டு ஒரே மிதியா ஃபுல்லா மிதிங்க" என்பார்கள். ஐடிலிங்கிலிருந்து உச்சம் வரை, தொடர்ந்து சில முறை. வெளியே லோடு எதுவும் இல்லை, என்ஜின் தன் பாகங்களின் எடையை மட்டுமே முடுக்கிக்கொண்டு எகிறும். அந்த ஓரிரு விநாடியில் வரும் புகை எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்கிறது என்று கருவி அளக்கும். பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிப்படி வந்த வண்டிக்கு அந்த அளவு மீட்டருக்கு 1.62-ஐத் தாண்டக் கூடாது, அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 2.45. தளர்ந்த செயினோ, மாற்ற வேண்டிய நாள் கடந்த டைமிங் பெல்ட்டோ இருந்தால் அந்த எகிறலில் பல் தாண்டிவிடக்கூடும். டீசலில் பிஸ்டனுக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு, நேரம் தவறிய வால்வு நேராகப் பிஸ்டனில் இடிக்கும். நான் சோதனைக்குப் போகும் முன் ஆயில் அளவு பார்ப்பேன். அப்புறம் அவினாசி ரோட்டில் அரை மணி நேரம், மூன்றாவது கியரில் மூவாயிரத்தைச் சுற்றி ஓட்டிவிட்டுத்தான் போவேன். ஊருக்குள்ளேயே ஊர்ந்த வண்டியின் குழாயில் படிந்திருக்கும் கரி அந்த ஓட்டத்தில் கொஞ்சமாவது வெளியேறும். என்ஜினும் முழுச் சூட்டில் இருக்கும், குளிர்ந்த என்ஜினைவிடப் புகை குறைவாகவே வரும்.

கவர்னரால் காக்க முடியாத ஓர் இடம் உண்டு. அதைப் பலரும் யோசிப்பதில்லை. இ.சி.யு.வால் டீசலைத்தான் நிறுத்த முடியும். இறக்கத்தில் சக்கரம் என்ஜினைச் சுற்றும்போது டீசல் ஏற்கெனவே நின்றுதான் இருக்கிறது, நிறுத்துவதற்கு அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிச்சம் பிடிக்கக் கீழ் கியரில் இறங்குவதுதான் சரி. ஆனால் வேகமாக இறங்கிக்கொண்டே நான்காவதிலிருந்து இரண்டாவதுக்குப் பதில் கை தவறி முதல் கியருக்குப் போய் கிளட்சை விட்டால், சிவப்புக் கோடு, சென்சார், கணக்கு எதுவும் உதவாது. அங்கே எல்லை நெருப்பு அல்ல, உண்மையிலேயே இரும்புதான். வால்வு ஸ்பிரிங்குகள் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு கியரில் ஆர்.பி.எம்.மும் வேகமும் எப்போதும் ஒரே விகிதத்தில்தான் போகும். சமதளத்தில் ஒவ்வொரு கியரிலும் 30 கி.மீ. வேகத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாவதில் 30-க்கு 1,900 காட்டினால் 60-க்கு 3,800, 80-க்கு ஐயாயிரத்தைத் தாண்டிவிடும். அப்படியானால் மலை இறங்கும்போது 60-க்கு மேல் இரண்டாவது கியர் கிடையாது. முதலில் பிரேக், வேகம் இறங்கிய பிறகு கியர். இதே கணக்கை முதல் கியருக்கும் போட்டுப் பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் எல்லை வந்துவிடுகிறது என்று தெரியும்.